மூன்று படங்கள், ஒரே அச்சு: கணினியில் கூறெடுத்துப் புள்ளியியல் கற்பிக்கும் முறை

பிளஸ் டூ வகுப்பில் "திட்டப்பிழை என்றால் என்ன?" என்று கேட்டால், "சிக்மா பை ரூட் என்" என்று பட்டென்று பதில் வரும் (சிக்மா என்பது தொகுதியின் திட்டவிலக்கம், அதாவது மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு; என் என்பது கூறளவு, அதாவது ஒரு கூறில் உள்ளவர்களின் எண்ணிக்கை). "அது எதனுடைய திட்டவிலக்கம்?" என்று அடுத்துக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்தச் சூத்திரம் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதை மாணவர்கள் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு கூறு எடுத்தால் ஒரு சராசரிதான் கிடைக்கும். அந்தச் சராசரி கூறுக்குக் கூறு எவ்வளவு மாறும் என்று பார்க்க, அதே முழுமைத்தொகுதியிலிருந்து (நாம் அறிய விரும்பும் மொத்தக் கூட்டத்திலிருந்து) நூற்றுக்கணக்கான கூறுகள் எடுக்க வேண்டும். கையால் எடுத்தால் ஒரு வாரம் ஆகும். கணினி அரை நிமிடத்தில் எடுத்துக்கொடுக்கும். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

இந்த வழிகாட்டி சென்னையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ, கல்லூரி முதலாண்டு வகுப்பு எடுப்பவர்களுக்கு. 45 நிமிடப் பாடவேளைகள் நான்கு தேவைப்படும். பாடநூல் சொற்களான முழுமைத்தொகுதி, கூறு, கூறெடுப்பு ஆகியவற்றையே பயன்படுத்தியிருக்கிறோம். மாணவர்கள் சாம்பிள் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும்.

முதல் பாடவேளை: கணினியைத் திறக்காதீர்கள்

மளிகைக் கடையில் வெள்ளைக் கொண்டைக்கடலையும் கறுப்புக் கொண்டைக்கடலையும் கொஞ்சம் வாங்குங்கள். வெள்ளை 70, கறுப்பு 130 என்று எண்ணி ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். ஒவ்வொரு மாணவரும் கண்ணை மூடிக்கொண்டு 10 கடலை எடுத்து, வெள்ளை எத்தனை என்று எண்ணிக் கரும்பலகையில் தன் புள்ளியை வைக்க வேண்டும். பிறகு கடலையைத் திரும்பப் போட்டுத் தூக்கை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். 40 பேர் வகுப்பில் இதற்கு 25 நிமிடம் ஆகும்.

நியாயமாக எடுத்தால் ஒருவருக்குச் சராசரியாக 3.5 வெள்ளை வர வேண்டும். வகுப்பின் சராசரி பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் நிற்கும். வெள்ளைக் கடலை உருவத்தில் பெரியது. குலுக்கக் குலுக்கச் சிறியது இடுக்குகளில் இறங்கிவிடும், பெரியது மேலே வரும். துழாவும் விரலுக்கும் பெரியதே முதலில் அகப்படும். கண்ணை மூடியதால் மட்டும் அது சமவாய்ப்புக் கூறு ஆகிவிடாது. இதை வாயால் சொல்லாதீர்கள். புள்ளிகள் 3.5க்கு வலப்பக்கம் குவிந்திருப்பதைக் காட்டி, "ஏன்?" என்று கேட்டுக் காத்திருங்கள். தூக்கை எட்டிப் பார்த்து யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

சமவாய்ப்பு என்பது தானாக அமைவதில்லை, அதற்கு ஏற்பாடு வேண்டும். இதைச் சொல்ல நம் ஊர் எடுத்துக்காட்டே இருக்கிறது. உத்திரமேரூரில் உள்ள பராந்தகச் சோழன் காலத்துப் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, குடவோலை எடுக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலைக்க வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன், எல்லார் முன்னிலையிலும் எடுக்க வேண்டும். இதன் எதிர்முனை 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் ராணுவத்துக்கு ஆள் எடுக்க நடந்த குலுக்கல். பிறந்த நாள்கள் எழுதிய குப்பிகளை மாதவாரியாகக் கொட்டினார்கள், போதிய அளவு கலக்கவில்லை. டிசம்பரில் பிறந்தவர்களின் குப்பிகள் அளவுக்கு மீறி முன்னதாகவே வந்தன. இரண்டையும் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். 0க்கும் 1க்கும் இடையே சமவாய்ப்பில் ஓர் எண் தரும் கணினியின் ராண்ட் கட்டளை எதற்கு என்ற கேள்வி அதன்பிறகு எழாது.

இரண்டாம் பாடவேளை: ஓர் ஊரை உருவாக்குதல்

உண்மைத் தரவைத் தேடி அலைய வேண்டாம். இந்தப் பயிற்சிக்கு முழுமைத்தொகுதியின் உண்மைச் சராசரி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், நிஜ வாழ்க்கையில் அது தெரியாது. அதனால் 1000 பயணிகள் சைதாப்பேட்டை நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நிமிடங்கள் என்று ஒரு கற்பனைத் தொகுதியை உருவாக்குவோம். கற்பனை என்பதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புதிய தாளுக்கு "ஊர்" என்று பெயரிடுங்கள். ஏ நெடுவரிசையில் 1 முதல் 1000 வரை வரிசை எண். பி2 முதல் பி1001 வரை காத்திருந்த நிமிடம். அதற்கான சூத்திரம்: -10*எல்என்(1-ராண்ட்()). இது சராசரி 10, திட்டவிலக்கம் 10 கொண்ட அடுக்குக்குறிப் பரவலைத் தரும். பலர் சில நிமிடங்களில் ஏறிவிடுவார்கள், சிலர் அரை மணி நேரம் நிற்பார்கள், 1000 பேரில் சுமார் 18 பேர் 40 நிமிடத்துக்கு மேல் நிற்பார்கள். ஒரு பக்கம் சாய்ந்த இந்த வடிவம் நமக்கு மிகவும் தேவை. மணி வடிவத் தொகுதியில் தொடங்கினால் மைய எல்லைத் தேற்றத்தில் (கூறளவு ஏற ஏறச் சராசரிகளின் பரவல் மணி வடிவத்தை நெருங்கும் என்பதில்) ஆச்சரியப்பட எதுவும் இருக்காது. 1-ராண்ட் என்று போடக் காரணம் உண்டு. ராண்ட் சுழியத்தைத் தரக்கூடும், சுழியத்துக்கு மடக்கை கிடையாது. 1 என்ற மதிப்பை அது தருவதே இல்லை.

அடுத்த வேலையை மறந்தால் பாடமே பாழாகிவிடும். பி நெடுவரிசை முழுவதையும் நகலெடுத்து, அதே இடத்தில் "மதிப்பு மட்டும்" என்று ஒட்டி உறைய வையுங்கள். உறைய வைக்காவிட்டால் மறுபடி கணக்கிடச் சொல்லும் எஃப்9 விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஊரே மாறிவிடும். அசையாமல் நிற்க வேண்டிய முழுமைத்தொகுதிச் சராசரி ஆடினால், எது மாறுகிறது, எது மாறாது என்ற வேறுபாடு மாணவர் மனத்தில் பதியாது.

உறைந்த ஊரின் சராசரி சரியாக 10 இருக்காது, 9.6 அல்லது 10.3 போல ஏதாவது வரும். அதையும் திட்டவிலக்கத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்து மேசை இழுப்பறையில் வையுங்கள். மூன்றாம் பாடவேளை வரை வெளியே எடுக்காதீர்கள்.

இனிக் கூறுகள். இரண்டாவது தாளுக்குக் "கூறு25" என்று பெயர். ஒரு வரி ஒரு கூறு. ஏ முதல் ஒய் வரை சரியாக 25 நெடுவரிசைகள் இருப்பதால் கணக்கு வசதியாக அமைகிறது. ஒவ்வொரு கட்டத்திலும்: இண்டெக்ஸ்(ஊர்!$பி$2:$பி$1001, ராண்ட்பிட்வீன்(1,1000)). இசட் நெடுவரிசையில் அந்த வரியின் ஆவரேஜ். முதல் வரியை எழுதி 500 வரிக்குக் கீழே இழுங்கள்.

இங்கே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி டாலர் குறியால் வருபவை. குறி விட்டுப்போனால் வலப்பக்கம் இழுக்கும்போது சூத்திரம் காலியான நெடுவரிசைக்கு நகர்ந்து சுழியமாக வரும். கீழே இழுக்கும்போது 1001ஐத் தாண்டிக் காலிக் கட்டங்களை எடுக்கும், சராசரி வரிக்கு வரி இறங்கிக்கொண்டே போகும். 500ஆவது வரியின் சராசரி 5க்குப் பக்கத்தில் இருந்தால் இதுதான் காரணம்.

இந்தத் தாளில் 12,500 கட்டங்கள், ஒரு எழுத்து தட்டினாலும் எல்லாமே மறுபடி கணக்கிடப்படும். பழைய கணினி திணறும். எக்செல்லில் ஃபார்முலாஸ் பட்டியில் கணக்கீட்டை மேனுவலுக்கு மாற்றுங்கள். கால்க்கில் டேட்டா பட்டியின் கீழ் ஆட்டோகால்குலேட்டை அணைத்துவிடுங்கள். அப்புறம் எஃப்9 அழுத்தினால் மட்டும் புதுக் கூறுகள் வரும். கைபேசியில் கூகுள் ஷீட்ஸ் வைத்துச் செய்பவர்கள் 100 வரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

"மிஸ், ஒரே ஆள் ரெண்டு தடவை வந்திருக்கு, தப்பா?" என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். தப்பில்லை, ராண்ட்பிட்வீன் திருப்பி வைத்து எடுக்கும் முறை. 1000 பேரில் 25 முறை எடுத்தால் யாராவது ஒருவர் இரண்டாவது முறை வர ஏறத்தாழ 26 சதவீத வாய்ப்பு உண்டு. திருப்பி வைக்காமல் எடுக்க வேண்டுமென்றால் ஊர் தாளில் பக்கத்து நெடுவரிசையில் ராண்ட் போட்டு, அதை வைத்து வரிசைப்படுத்தி, முதல் 25 பேரை எடுக்கலாம். திட்டப்பிழை அதில் 1.2 சதவீதம் குறையும், அவ்வளவுதான். தொடக்கத்தில் அந்தச் சிக்கலுக்குள் போக வேண்டாம்.

மூன்றாம் பாடவேளை: மூன்று படங்கள்

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, நேரத்தையும் இங்கேதான் அதிகம் செலவிட வேண்டும்.

"படம்" என்ற தாளில் 0–1, 1–2 என்று 40 வரை ஒரு நிமிட வகுப்புகள், கடைசியில் "40க்கு மேல்". கவுண்ட்இஃப்ஸ் கட்டளையால் மூன்று நெடுவரிசைகளை நிரப்புங்கள்: ஊரின் 1000 பேர், கூறு25 தாளின் முதல் வரியில் உள்ள 25 பேர், இசட் நெடுவரிசையின் 500 சராசரிகள். மூன்றின் மொத்தமும் வேறு வேறாக இருப்பதால் எண்ணிக்கையைச் சதவீதமாக மாற்றிவிடுங்கள். மூன்று ஹிஸ்டோகிராம்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். கிடை அச்சு மூன்றுக்கும் 0 முதல் 40 வரை ஒரே அளவில் இருக்க வேண்டும்.

அச்சை மென்பொருளின் விருப்பத்துக்கு விட்டுவிடாதீர்கள். தானியங்கி அச்சு, படம் எவ்வளவு ஒடுங்கினாலும் இழுத்துத் திரை முழுக்க நிரப்பிவிடும். கூறளவு 4 ஆனாலும் 100 ஆனாலும் இரண்டு படமும் ஒரே அகலமாகத் தெரியும். பரவல் ஒடுங்குவதைக் காட்ட இவ்வளவு பாடுபட்டுக் கடைசியில் அதையே மறைத்துவிட்டதாக ஆகிவிடும். ஹிஸ்டோகிராம் வரையும் தயார்க் கட்டளை வகுப்புகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும் என்பதால்தான் கவுண்ட்இஃப்ஸ் வழியைச் சொல்கிறோம்.

எஃப்9 அழுத்துவதற்கு முன், மூன்று படமும் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் அழுத்தினால் வெறும் வேடிக்கையாகப் போய்விடும். எழுதியபின் அழுத்துங்கள், பத்துப் பதினைந்து முறை. முதல் படம் அசையவே அசையாது. நடுப்படம் ஒவ்வொரு அழுத்தலுக்கும் குதிக்கும்: ஒருமுறை இடப்பக்கம் நெருக்கமாக நிற்கும், அடுத்த முறை 38 நிமிடத்தில் ஒற்றைத் தூண் முளைக்கும். மூன்றாம் படம் இருந்த இடத்திலேயே லேசாக நடுங்கும். உச்சியில் ஒரு தூண் கொஞ்சம் ஏறும், பக்கத்துத் தூண் கொஞ்சம் இறங்கும், மொத்த உருவம் மாறாது. இந்த மூன்று விதமான நடத்தையையும் மாணவர் தன் சொற்களில் எழுத வேண்டும். தொகுதிப் பண்பளவை, கூறு பண்பளவை, கூறெடுப்புப் பரவல் என்ற பாடநூல் பெயர்களை அதன்பிறகு கரும்பலகையில் எழுதினால் பெயர் உடனே ஒட்டிக்கொள்ளும்.

இப்போது இழுப்பறைச் சீட்டை எடுங்கள். 500 சராசரிகளின் திட்டவிலக்கத்தையும், சீட்டில் உள்ள ஊரின் திட்டவிலக்கத்தை 5ஆல் (25இன் வர்க்கமூலத்தால்) வகுத்த விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் 2க்கு அருகில், ஒன்றுக்கொன்று மிகவும் நெருங்கி இருக்கும். தொடக்கத்தில் கேட்ட "எதனுடைய திட்டவிலக்கம்?" என்ற கேள்விக்கு மூன்றாம் படத்தையே விரலால் தொட்டுக் காட்டலாம்.

அடுத்து 4 நெடுவரிசை, 100 நெடுவரிசை கொண்ட இன்னும் இரண்டு தாள்கள். திட்டப்பிழை முறையே 5க்கும் 1க்கும் பக்கத்தில் வரும். 25லிருந்து 100க்குப் போனால் வேலை நான்கு மடங்கு, பிழை பாதி. கணக்கெடுப்புகளில் கூறளவைக் கண்டபடி ஏற்றாமல் இருப்பதற்கு இந்த வர்க்கமூலமே காரணம்.

"சாம்பிள் பெருசானா பெல் ஷேப் வந்துடும்" என்று பலரும் சொல்வார்கள். வகுப்பில் அதிகம் கேட்கும் தவறு இது, சொல்பவருக்கு முழுவதும் சரியாகவே தோன்றும். மறுக்க வேண்டாம், நடுப்படத்தைக் காட்டுங்கள். 100 பேரை எடுத்தால் நடுப்படம் மணி வடிவம் ஆகாது, முதல் படத்தைப் போலவே வலப்பக்கம் வால் நீளும். 1000 பேரையும் எடுத்தால் கிட்டத்தட்ட முதல் படமே வந்துவிடும். மணி வடிவத்தை நோக்கிப் போவது மூன்றாம் படம் ஒன்றுதான். "30 இருந்தால் போதும்" என்ற வாய்ப்பாட்டையும் இங்கேயே சோதியுங்கள். இந்தப் பரவலில் சராசரிகளின் கோட்டம் (ஒரு பக்கம் வால் நீளும் அளவு) 2ஐக் கூறளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் அளவு. 4க்கு 1, 25க்கு 0.4, 100க்கு 0.2. 30ஐத் தாண்டியதும் திடீரென்று எதுவும் சரியாகிவிடுவதில்லை, கோட்டம் மெல்ல மெல்லக் குறைகிறது. கோட்டம் அதிகமான தொகுதிக்கு 30 போதாது, சமச்சீரான தொகுதிக்கு 10கூட அதிகம்.

நான்காம் பாடவேளை: இடைவெளியும் சாய்வும்

கரும்பலகையில் கிடையாக 0 முதல் 20 வரை அளவுகோல் வரையுங்கள். ஒவ்வொரு மாணவரும் தன் கணினியில் வந்த ஒரு கூறின் சராசரியை எடுத்து, இரு பக்கமும் 3.92 தள்ளி (95 சதவீத நம்பிக்கை இடைவெளிக்கான 1.96 பெருக்கல் திட்டப்பிழை 2) ஒரு கிடைக்கோட்டைச் சுண்ணக்கட்டியால் இழுக்க வேண்டும். இதற்கு எல்லாக் கணினியிலும் ஒரே ஊர்தான் இருக்க வேண்டும், முன்னதாகவே கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்துக் கொடுத்துவிடுங்கள். 40 கோடுகளும் ஏணிப்படிபோல அமைந்தபின், சீட்டில் உள்ள உண்மைச் சராசரியில் மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். சராசரியாக 2 கோடுகள் அதைத் தொடாமல் நிற்கும். சில வகுப்பில் ஒன்றும் இருக்காது, சில வகுப்பில் நான்கு இருக்கும், எல்லாம் இயல்பே.

தொடாத கோட்டுக்கு உரியவர் சங்கடப்படுவார். அவர் செய்ததில் எந்தத் தவறும் இல்லை என்பதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள். 95 சதவீதம் என்பது வழிமுறைக்கு உரிய எண். கோடு இழுத்தபின் ஒரு கோடு சிவப்பைத் தொட்டிருக்கிறது, அல்லது தொடவில்லை, அந்தக் கோட்டுக்கு இனி 95 சதவீதம் என்று ஒன்று இல்லை.

நேரம் இருந்தால் 3.92க்குப் பதிலாக அந்தந்தக் கூறின் திட்டவிலக்கத்தை வைத்து 500 இடைவெளிகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். சிவப்பைத் தொடும் விகிதம் 95க்குக் கீழே இறங்கும். சாய்ந்த தொகுதியில் சராசரி குறைவாக வரும் கூறுக்குத் திட்டவிலக்கமும் குறைவாகவே இருக்கும். கோடு இடப்பக்கம் போவதோடு குட்டையாகவும் ஆகிவிடும்.

கடைசியாகச் சாய்வு (பயஸ்), அதாவது கூறெடுக்கும் முறையே விடையை ஒரு பக்கம் இழுப்பது. ஊர் தாளின் நகலில், 15 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தவர்களின் வரிகளை மட்டும் இன்னொருமுறை கீழே ஒட்டுங்கள். 1000 பேர் பட்டியல் சுமார் 1220 வரியாகும், புதுச் சூத்திரத்தில் எல்லையையும் ராண்ட்பிட்வீனின் மேல் எண்ணையும் அதற்கேற்ப மாற்ற மறக்காதீர்கள். அதிகம் காத்திருந்து கோபத்தில் இருப்பவர் கருத்துக் கணிப்புக்கு இரண்டு மடங்கு ஆர்வத்தோடு பதில் சொல்கிறார் என்பது இதன் பொருள். இந்தப் பட்டியலிலிருந்து கூறெடுத்தால் சராசரி 12.7 அளவில் வரும். கூறளவு 25 என்றால் பல இடைவெளிகள் தற்செயலாக உண்மை மதிப்பைத் தொட்டுவிடும். 400 என்று ஏற்றினால் கிட்டத்தட்ட ஒன்றுகூடத் தொடாது. படம் அழகாக, ஒல்லியாக, தவறான இடத்தில் நிற்கும். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, ஏறத்தாழ 24 லட்சம் பதில் பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குடன் வென்றார். மாணவர்கள் தங்கள் திரையில் பார்த்த ஒல்லியான படம்தான் அந்த 24 லட்சம்.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்கிறோமே, அது எப்படிச் சரி என்று இந்த இடத்தில் கேளுங்கள். கூறளவு வெறும் 1. ஒரே பானையில் ஒரே கொதியில் வெந்த அரிசிக்குச் சிக்மா கிட்டத்தட்ட சுழியம், அதனால் திட்டப்பிழையும் சுழியம். அடியில் உப்பு தங்கிய, கிளறாத சாம்பாருக்கு மேலாக ஒரு கரண்டி எடுத்தால் அது கடலைத் தூக்கின் கதை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்குப் பரவலும் சாய்வும் வேறு வேறு என்பது புரிந்துவிட்டது.

பைத்தான் வழி, இன்னும் சில எச்சரிக்கைகள்

கணினி அறிவியல் பிரிவு மாணவர்களுக்குப் பிளஸ் டூவில் பைத்தான் பாடம் உண்டு, அவர்களை அதிலேயே செய்யவிடலாம். ராண்டம் தொகுப்பில் சாம்பிள் கட்டளை திருப்பி வைக்காமல் எடுக்கும், சாய்சஸ் கட்டளை திருப்பி வைத்து எடுக்கும். நம்பை என்ற தொகுப்பின் சாய்ஸ் கட்டளை, நாம் எதுவும் சொல்லாவிட்டால் திருப்பி வைத்தே எடுக்கும். சீடு எண் கொடுத்தால் அதே கூறு மறுபடி வரும், பிழை தேட அது உதவும். ஆனால் எல்லாரும் பார்த்து எழுதி 42 என்றே போட்டால் 40 கணினியிலும் ஒரே கூறு வந்து, கரும்பலகையில் 40 கோடும் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்கும். அவரவர் வருகைப்பதிவு எண்ணையே சீடாகப் போடச் சொல்லுங்கள்.

சமவாய்ப்பு என்றால் சீராகப் பரவியிருக்கும் என்ற எண்ணத்தையும் உடைக்க வேண்டும். சென்னை மாநகராட்சியின் 200 வார்டு எண்களிலிருந்து திருப்பி வைக்காமல் 20 எடுக்கச் சொல்லுங்கள். 57, 58 என்பதுபோல அடுத்தடுத்த எண்கள் ஒரு ஜோடியாவது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 88 சதவீதம். கையால் 20 எண் எழுதச் சொன்னால் பெரும்பாலோர் அடுத்தடுத்த எண்களைத் தவிர்த்துவிடுவார்கள். இரண்டு பட்டியலையும் பெயரில்லாமல் மேசையில் வைத்தால் எது மனிதர் எழுதியது என்று பிரித்துவிடலாம்.

தேர்வுக்கு ஒரே கேள்வி போதும். வேறு ஏதாவது தொகுதியிலிருந்து மூன்று படங்களை அச்சிட்டு, தலைப்பில்லாமல், வரிசையைக் கலைத்து, ஒரே அச்சில் கொடுங்கள். எது தொகுதி, எது ஒரு கூறு, எது சராசரிகளின் பரவல், ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன? கூறின் படத்தையும் சராசரிகளின் படத்தையும் மாற்றி எழுதியவரைச் சூத்திரத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். கணினி முன் உட்கார வைத்து எஃப்9 அழுத்தச் சொல்லி, எது குதிக்கிறது, எது நடுங்குகிறது என்று மறுபடி எழுதவையுங்கள்.